குடியுரிமைத் தேர்வின் 128 கேள்விகள்: புரிந்து படிப்பதற்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்கக் குடியுரிமை நேர்காணலில் கேட்கப்படும் சிவிக்ஸ் (அமெரிக்க அரசு, வரலாறு பற்றிய) கேள்விகளில் ரகசியம் எதுவும் இல்லை. கேள்விகள், விடைகள் எல்லாமே குடியுரிமை, குடிவரவுத் துறையின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இருந்தும் நன்றாகப் படித்த பொறியாளர்கள்கூட அதிகாரியின் முன்னால் தடுமாறுவதுண்டு. 128 விடைகளையும் தொடர்பில்லாத துண்டுகளாக மனப்பாடம் செய்ததுதான் பெரும்பாலும் காரணம். அதிகாரி கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டாலோ, அவருடைய உச்சரிப்பு பழகியதாக இல்லாவிட்டாலோ துண்டுகள் கலைந்துவிடும். அந்த 128 கேள்விகளுக்கும் வேர்கள் சில மட்டுமே. வேரைப் பிடித்துக்கொண்டால் முக்கால்வாசி விடைகளை நீங்களே வருவித்துச் சொல்லலாம்.

உங்களுக்கு எந்தத் தேர்வு?

படிக்கத் தொடங்குமுன் இதை உறுதி செய்யுங்கள். என்-400 என்னும் குடியுரிமை விண்ணப்பத்தை 2025 அக்டோபர் 20 அன்றோ அதன் பிறகோ அனுப்பியவர்களுக்குப் புதிய தேர்வு. 128 கேள்விகள் கொண்ட பட்டியலிலிருந்து 20 வரை கேட்பார்கள், 12 சரியாக வேண்டும். 12 சரியானதும் நிறுத்திவிடுவார்கள். 9 தவறானாலும் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். அந்தத் தேதிக்கு முன் அனுப்பியவர்களுக்குப் பழைய 100 கேள்விப் பட்டியல்தான்: 10 கேள்விகள், 6 சரி. கணக்கில் வருவது விண்ணப்பம் அனுப்பிய தேதி, நேர்காணல் நடக்கும் தேதி அல்ல. யூடியூபில் இன்னும் பழைய பட்டியலின் காணொளிகள் நிறையக் கிடக்கின்றன. 100 கேள்விகள் என்று சொல்லும் எதையும் புதிய விண்ணப்பதாரர் நம்பிப் படிக்கக் கூடாது.

வயதானவர்களுக்குச் சலுகை உண்டு. ஆனால் அது கிரீன் கார்டு வாங்கிய காலத்தோடு சேர்த்துப் பார்க்கப்படுகிறது. விண்ணப்பிக்கும்போது 50 வயது கடந்து 20 ஆண்டுகள் கிரீன் கார்டு வைத்திருந்தாலோ, 55 கடந்து 15 ஆண்டுகள் வைத்திருந்தாலோ ஆங்கிலத் தேர்வு இல்லை. மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிக்கொண்டு போய் சிவிக்ஸைத் தமிழிலேயே சொல்லலாம். 65 வயதும் 20 ஆண்டுகளும் ஆகியிருந்தால் குறியிடப்பட்ட 20 கேள்விகளை மட்டும் படித்தால் போதும். அவற்றில் 10 கேட்பார்கள், 6 சரியாக வேண்டும். பிள்ளைகள் அழைத்து அறுபது வயதுக்கு மேல் வந்த அம்மா அப்பாக்களில் பலருக்கு 15 ஆண்டுக் கணக்கு நிறைந்திருக்காது. அவர்கள் ஆங்கிலத்திலேயே எழுத வேண்டும். வயதை மட்டும் காட்டி என்-648 மருத்துவ விலக்கு கிடைக்காது. கற்கவோ நினைவில் வைக்கவோ முடியாத உடல், மன நிலை இருப்பதை மருத்துவர் விளக்கி எழுதித் தர வேண்டும்.

விண்ணப்பிக்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

கிரீன் கார்டு கிடைத்து 5 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ மணந்து அவருடன் சேர்ந்து வாழ்பவருக்கு 3 ஆண்டுகள். இந்தக் கெடு முடிய 90 நாள் இருக்கும்போதே அனுப்பலாம். 91 நாள் இருக்கும்போது அனுப்பினால் மறுக்கப்படும், கட்டணமும் போகும். தளத்திலேயே தேதி கணக்கிடும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தி, இரண்டு மூன்று நாள் கழித்தே அனுப்புங்கள்.

ஐந்தாண்டு வழியில் மொத்தம் 30 மாதங்களாவது அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும், மூன்றாண்டு வழியில் 18 மாதங்கள். அதோடு, ஒரே பயணத்தில் ஆறு மாதத்துக்கு மேல் ஊரில் தங்கினால் தொடர் வசிப்பு முறிந்ததாகவே அதிகாரி எடுத்துக்கொள்வார். முறியவில்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. ஓராண்டோ அதற்கு மேலோ தங்கியிருந்தால் பெரும்பாலோருக்குக் கணக்கு புதிதாகத் தொடங்கும். பயணத் தேதிகளை நினைவிலிருந்து எழுதாதீர்கள். பாஸ்போர்ட் முத்திரைகள், விமானச் சீட்டு மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் வைத்துப் பட்டியல் போடுங்கள்.

2024 ஏப்ரல் முதல் கட்டணம் இணையவழியில் 710 டாலர், தாளில் 760 டாலர். வருமானம் குறைந்தவர்களுக்கு 380 டாலர் கட்டணமும், முழு விலக்கும் உண்டு. அனுப்பும் நாளில் கட்டணப் பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது பெயர். தகப்பன் பெயரின் முதலெழுத்தை மட்டும் போட்டுக்கொள்ளும் நம் வழக்கத்தால் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்து, இங்கே ஆவணங்களில் "எஃப்என்யு" (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று முதல் பெயர் அச்சாகியிருக்கும். என்-400 படிவத்திலேயே பெயர் மாற்றம் கேட்கலாம். ஆனால் அதை நீதிபதி நடத்தும் உறுதிமொழி விழாவில்தான் செய்ய முடியும், அதனால் காத்திருப்பு நீளலாம். இருந்தாலும் வாழ்நாள் முழுக்க விமான நிலையத்தில் விளக்கம் சொல்வதைவிட இந்தக் காத்திருப்பு மேல்.

இரண்டாவது, கட்சி உறுப்பினர் கேள்வி. கம்யூனிஸ்ட் கட்சியில் எப்போதாவது உறுப்பினராக இருந்தீர்களா என்று படிவம் கேட்கிறது. விண்ணப்பத்துக்கு முந்தைய பத்தாண்டுகளில் உறுப்பினராக இருந்தது, சில விதிவிலக்குகள் தவிர, தடையாகும். கல்லூரிக் காலத்திலோ தொழிற்சங்கம் வழியாகவோ கட்சி அட்டை வைத்திருந்தவர்கள் மறைக்கக் கூடாது. பழைய உறுப்பினர் விவரத்தைவிட, அதை மறைத்துச் சொன்ன பொய் பெரிய கேடு செய்யும்.

மூன்றாவது ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கு. ஆயுதக் குழு, ராணுவப் பயிற்சி, பொருளுதவி பற்றிய கேள்விகள் படிவத்தில் இருக்கின்றன. விடுதலைப் புலிகள் 1997 முதல் அமெரிக்கப் பட்டியலில் தடை செய்யப்பட்ட அமைப்பு. கட்டாயத்தின் பேரில் கொடுத்த பணம்கூட இங்கே சட்டப் பிரச்சினையாகப் பார்க்கப்படலாம். போர்ப் பகுதியில் வாழ்ந்தவர்கள் படிவத்தை அனுப்புமுன் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒருமுறை பேசுங்கள்.

எல்லோருக்கும் பொதுவான இன்னொரு பள்ளமும் உண்டு. ஓட்டுநர் உரிமம் எடுக்கும் அலுவலகத்தில் "வாக்காளராகப் பதிவு செய்யலாமா?" என்று கேட்பார்கள். கிரீன் கார்டுக்காரர் தெரியாமல் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அது குடியுரிமை மறுப்பு வரை போகலாம். அப்படி நடந்ததா என்று இப்போதே பாருங்கள்.

அரசு இயந்திரம்: 72 கேள்விகள்

பட்டியலில் பெரும்பகுதி இதுதான். இந்தியாவிலோ இலங்கையிலோ அரசியல் பாடம் படித்தவர்களுக்கு அந்தப் பாடமே இங்கே கால் தடுக்கும். சொற்கள் ஒன்றாக இருக்கும், பொருள் வேறாக இருக்கும். ஆகவே படிப்பின் முதல் நாளிலேயே இந்தச் சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

காங்கிரஸ் என்பது கட்சி அல்ல, செனட், பிரதிநிதிகள் சபை என்ற இரு அவைகள் கொண்ட நாடாளுமன்றம். கவர்னர் மத்திய அரசு அனுப்பும் ஆள் அல்ல. மாநில மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர், நம் ஊர்க் கணக்கில் முதலமைச்சரின் இடத்தில் இருப்பவர். 'செக்ரட்டரி' என்றால் ஐஏஎஸ் செயலாளர் அல்ல, அமைச்சர். செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் வெளியுறவு அமைச்சர், அவருக்கும் மாநிலங்களுக்கும் சம்பந்தமில்லை. சபாநாயகர் நடுநிலையாளர் அல்ல, பெரும்பான்மைக் கட்சியின் தலைவர். அதிபருக்கு ஏதேனும் ஆனால் துணை அதிபர் பொறுப்பேற்பார், அவராலும் இயலாவிட்டால் சபாநாயகர். அமைச்சர்கள் காங்கிரஸ் உறுப்பினர்களாக இருக்க முடியாது. உறுப்பினர் ஒருவரை அதிபர் அமைச்சராக்கினால் அவர் பதவி விலகிவிட்டுத்தான் வர வேண்டும். இங்கே பிரதமர் கிடையாது. நாட்டின் தலைவரும் அரசின் தலைவரும் அதிபர் ஒருவரே.

இந்த வித்தியாசங்கள் எல்லாம் ஒரே பயத்திலிருந்து பிறந்தவை. மன்னராட்சியை எதிர்த்துப் போரிட்டு வந்தவர்கள், அதிகாரம் ஒரே கையில் சேரக் கூடாது என்று அஞ்சினார்கள். 1787-இல் ஃபிலடெல்ஃபியாவில் கூடி அரசமைப்பை எழுதியபோது சட்டம் இயற்றுவதை காங்கிரஸுக்கும், நடத்துவதை அதிபருக்கும், பொருள் சொல்வதை நீதிமன்றத்துக்கும் என மூன்று கிளைகளாகப் பிரித்துக் கொடுத்தார்கள். பிரித்ததோடு நிறுத்தாமல் ஒருவர் காலை மற்றவர் கட்டும்படியும் செய்தார்கள். காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாவை அதிபர் மறுத்து வீட்டோ செய்யலாம். இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இருந்தால் அந்த வீட்டோவை காங்கிரஸ் முறிக்கலாம். அதிபர் நீதிபதிகளை முன்மொழிவார், செனட் ஒப்புதல் தர வேண்டும். அந்த நீதிபதிகளோ, இருவரும் சேர்ந்து செய்த சட்டத்தையே செல்லாது என்று சொல்லலாம். "எது ஒரு கிளை அளவு மீறாமல் தடுக்கிறது?", "ஏன் மூன்று கிளைகள்?", "நீதிபதிகள் ஏன் வாழ்நாள் முழுக்கப் பணியாற்றுகிறார்கள்?" என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை இந்தப் பயத்துக்குள்ளேயே இருக்கிறது. மூன்றாவது கேள்விக்கு "அரசியலிலிருந்து விலகிச் சுதந்திரமாக இருக்க" என்று தானாக வாயில் வரும்.

எண்களை இப்படிக் கட்டிக்கொள்ளுங்கள். 50 மாநிலங்கள், ஒவ்வொன்றுக்கும் 2 செனட்டர்கள், ஆக 100. அவர்கள் பதவிக்காலம் 6 ஆண்டுகள். பிரதிநிதிகள் சபையில் 435 பேர், 2 ஆண்டுகள். அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்கள், ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் செனட்டர்களும் பிரதிநிதிகளும் சேர்ந்த எண்ணிக்கையில்; வாஷிங்டன் நகரத்துக்கு 3 பேர். 100, 435, 3 மூன்றையும் கூட்டினால் 538. அதில் பாதிக்கு மேல் 270, அதிபராக வேண்டிய எண்ணிக்கை. அதிபர் 4 ஆண்டுகள், தேர்ந்தெடுக்கப்படுவது இரண்டே முறை. இந்த வரம்பு 1951-இல் 22-வது திருத்தமாக வந்தது. உச்ச நீதிமன்றத்தில் 9 நீதிபதிகள், பொதுவாக ஒரு வழக்கைத் தீர்க்க 5 பேர் வேண்டும்.

மக்கள்தொகையில் மிகப் பெரிய கலிபோர்னியாவுக்கும் மிகச் சிறிய வயோமிங்குக்கும் ஒரே இரண்டு செனட்டர்கள் என்பது நியாயமா என்று யாருக்கும் தோன்றும். 1787-இல் நடந்த பெரிய சண்டையே அதுதான். பெரிய மாநிலங்கள் ஆள்தொகைப்படி இடம் கேட்டன, சிறியவை சமமாகக் கேட்டன. முடிவில் ஓர் அவை ஆள்தொகைப்படி, இன்னொன்று சமமாக என்று சமரசம் ஆயிற்று. இந்தச் சமரசம் புரிந்தால் "சில மாநிலங்களுக்கு ஏன் அதிகப் பிரதிநிதிகள்?", "செனட்டர் யாருடைய பிரதிநிதி?" என்பவற்றை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

மத்திய, மாநில அதிகாரப் பங்கீடும் அப்படித்தான். நாணயம், போர், ராணுவம், வெளிநாட்டு ஒப்பந்தம் மத்திய அரசுக்கு. பள்ளி, போலீஸ், தீயணைப்பு, ஓட்டுநர் உரிமம், நிலப் பயன்பாட்டு விதிகள் மாநிலத்துக்கு. உங்கள் பர்ஸைத் திறந்து பாருங்கள். டாலரில் நாட்டின் பெயர், உரிமத்தில் மாநிலத்தின் பெயர். மத்திய அரசுக்கென்று எழுதித் தராத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ சொந்தம் என்பது 10-வது திருத்தம்.

விடை மாறிக்கொண்டே இருக்கும் கேள்விகளைத் தனித் தாளில் எழுதி ஒட்டுங்கள்: அதிபர், துணை அதிபர், சபாநாயகர், தலைமை நீதிபதி, உங்கள் மாநிலத்தின் கவர்னர், செனட்டர், உங்கள் தொகுதிப் பிரதிநிதி, மாநிலத் தலைநகர். இடையில் தேர்தலோ வீடு மாற்றமோ வந்தால் விடையும் மாறும். நேர்காணலுக்கு முந்தின இரவு ஒருமுறை சரிபாருங்கள். பெயரின் உச்சரிப்பையும் செய்திக் காணொளியில் கேட்டுப் பழகுங்கள். வாஷிங்டன் நகரில் வசிப்பவர்கள் செனட்டர் கேள்விக்கு "எங்களுக்கு இல்லை" என்பதையே விடையாகச் சொல்ல வேண்டும்.

வரலாறு: "மக்கள்" என்றால் யார்?

46 கேள்விகள். தேதிகளாகப் படித்தால் வறட்சியாக இருக்கும். அரசமைப்பு "நாங்கள், மக்கள்" என்ற சொற்களோடு தொடங்குகிறது. அந்த மக்களுக்குள் யார் யார் சேர்த்தி என்று 200 ஆண்டுகளுக்கு மேல் நடந்த வழக்குதான் அமெரிக்க வரலாறு என்று வைத்துப் படியுங்கள். நிகழ்ச்சிகள் வரிசையாக வந்து உட்காரும்.

ஐரோப்பியர் வருமுன் இங்கே இருந்தவர்கள் அமெரிக்க இந்தியப் பழங்குடிகள். இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் 1607-இல் ஜேம்ஸ்டவுனில் குடியேறினார்கள். 1619-இல் வர்ஜீனியாவுக்கு ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டார்கள். 1776 ஜூலை 4-இல் 13 காலனிகள் விடுதலைப் பிரகடனத்தை ஏற்றன. அதை எழுதியவர் தாமஸ் ஜெஃபர்சன். எல்லா மனிதரும் சமம் என்று எழுதிய அவரே அடிமைகளை வைத்திருந்தார். இந்த முரண் பின்னால் உள்நாட்டுப் போராக வெடித்தது.

புதியவர்கள் அதிகம் குழம்புவது பிரகடனத்துக்கும் அரசமைப்புக்கும் இடையேதான். 1776-இன் பிரகடனம் பிரிவோலை: "இனி உன்னோடு இல்லை." அரசமைப்பு, 1787-இல் போட்ட வீட்டின் வரைபடம்: "இனி இப்படி வாழ்வோம்." உயிர், சுதந்திரம், மகிழ்ச்சி தேடும் உரிமை என்ற மூன்றும் பிரகடனத்தில். பேச்சுரிமை, மத உரிமை போன்றவை அரசமைப்பின் முதல் பத்துத் திருத்தங்களில். அவற்றுக்கு உரிமைகள் சாசனம் என்று பெயர், ஆண்டு 1791. திருத்தங்கள் மொத்தம் 27. அரசமைப்பை ஏற்கும்படி மக்களிடம் வாதாடிய ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளை ஹாமில்டன், மேடிசன், ஜே மூவரும் 'பப்ளியஸ்' என்ற புனைபெயரில் எழுதினார்கள்.

1803-இல் பிரான்சிடமிருந்து லூசியானா பகுதியை வாங்கியதில் நாட்டின் பரப்பு இருமடங்கானது. புதிய நிலத்தில் அடிமைமுறை இருக்கலாமா என்ற சண்டை முற்றி 1861-இல் உள்நாட்டுப் போர் வந்தது. அதிபர் லிங்கன் 1863-இல் வெளியிட்ட விடுதலை அறிவிப்பு, கிளர்ந்த தென்மாநில அடிமைகளை விடுவித்தது. நாடு முழுக்க அடிமைமுறையை ஒழித்தது 1865-இன் 13-வது திருத்தம். இங்கே பிறந்தவர்களும் குடியுரிமை பெற்றவர்களும் குடிமக்கள் என்று சொன்னது 1868-இன் 14-வது திருத்தம். இனத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்றது 1870-இன் 15-வது. பெண்களுக்கு வாக்கு 1920-இல், 19-வது. வாக்களிக்க வரி கட்டத் தேவையில்லை என்றது 1964-இன் 24-வது. 18 வயதானால் வாக்கு என்றது 1971-இன் 26-வது. வாக்குரிமை பற்றிய நான்கு திருத்தங்களில் ஒன்றை விளக்கச் சொல்லும் கேள்விக்கு, 15, 19, 24, 26 என்ற இந்த வரிசையில் எதன் பொருளைச் சொன்னாலும் விடை. ஒவ்வொரு எண்ணும் கதவு இன்னும் கொஞ்சம் திறந்த நாள் என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

நம்மவர்களுக்கும் இந்த வழக்கில் இடம் உண்டு. தேர்வில் கேட்க மாட்டார்கள், ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். 1790-இன் குடியுரிமைச் சட்டம் சுதந்திரமான வெள்ளையர்களுக்கு மட்டுமே வழி விட்டது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய பஞ்சாபியர் பகத் சிங் திண்டின் வழக்கில், இந்தியர் அந்தச் சட்டம் சொல்லும் வெள்ளையர் அல்ல என்று 1923-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதையொட்டி ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. 1946-இல்தான் இந்தியர் குடியுரிமை பெறலாம் என்று சட்டம் வந்தது. அந்தச் சட்டத்துக்குப் பிறகு குடிமகனான தலிப் சிங் சவுந்த் 1956 தேர்தலில் வென்று, காங்கிரஸுக்குத் தேர்வான முதல் ஆசியர் ஆனார். நாடுவாரி ஒதுக்கீட்டை ஒழித்த 1965 குடிவரவுச் சட்டத்தால்தான் நம் மருத்துவர்களும் பொறியாளர்களும் பெருந்திரளாக வர முடிந்தது. அதற்கு முந்தின ஆண்டு சிவில் உரிமைச் சட்டம் நிறைவேறியிருந்தது, 1965-இலேயே வாக்குரிமைச் சட்டமும் வந்தது. கறுப்பின மக்கள் தெருவில் அடிபட்டுத் திறந்த கதவு வழியாகத்தான் நாமும் நுழைந்தோம். மார்ட்டின் லூதர் கிங் பற்றிய கேள்விக்கு விடை சொல்லும்போது இது நினைவில் இருக்கட்டும்.

இருபதாம் நூற்றாண்டுப் போர்களுக்கு ஒரு வரிசை போதும்: முதல் உலகப் போர், இரண்டாம் உலகப் போர், கொரியா, வியட்நாம், வளைகுடா. கொரியா, வியட்நாம் இரண்டுக்கும் "ஏன் போனார்கள்?" என்று கேட்டால் விடை ஒன்றே: கம்யூனிசம் பரவாமல் தடுக்க. இரண்டாம் உலகப் போருக்கு விடை: பேர்ல் ஹார்பர் மீது ஜப்பான் குண்டு வீசியது. பெருமந்தம் என்னும் பொருளாதாரச் சரிவு 1929 பங்குச்சந்தை வீழ்ச்சியோடு தொடங்கியது, அந்தக் காலத்தின் பெரும்பகுதியிலும் பிறகு இரண்டாம் உலகப் போரின்போதும் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். பனிப்போரில் எதிரி சோவியத் ஒன்றியம்.

சின்னங்களும் விடுமுறைகளும்

பத்தே கேள்விகள், ஒரு மாலைப் பொழுது போதும். கொடியின் 13 பட்டைகள் பழைய காலனிகள், 50 விண்மீன்கள் மாநிலங்கள். தேசிய கீதத்தின் பெயர் 'ஸ்டார் ஸ்பேங்கில்ட் பேனர்'. 'ஈ ப்ளூரிபஸ் ஊனம்' என்ற லத்தீன் வாசகத்துக்குப் பலவற்றிலிருந்து ஒன்று என்று பொருள். தவறுவது ஒரே இடத்தில்: மே மாதக் கடைசித் திங்களின் மெமோரியல் டே, பணியில் உயிர்நீத்த வீரர்களுக்கு. நவம்பர் 11-இன் வெட்டரன்ஸ் டே, படையில் பணியாற்றிய எல்லோருக்கும்.

படிக்கும் முறை

நாளுக்கு 6 கேள்விகள் என்றால் 22 நாளில் 128-உம் ஒரு சுற்று முடியும். அடுத்த மூன்று வாரம் வரிசையைக் கலைத்து, வீட்டில் இன்னொருவரைக் கேட்கச் சொல்லி, வாயால் விடை சொல்லுங்கள். தாளைப் பார்த்துத் தலையாட்டுவது படிப்பல்ல, தேர்வு முழுக்கக் காதும் வாயும்தான். குறைந்தது மூன்று குரல்களில் கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். 20-க்கு 18 தொடர்ந்து வரும்வரை விடாதீர்கள், நேர்காணல் பதற்றம் இரண்டு மூன்றை விழுங்கும்.

முழு வாக்கியம் தேவையில்லை, "ஜெஃபர்சன்" என்ற ஒரு சொல் போதும். ஆனால் எண்ணிக்கை கேட்டால் அந்த எண்ணிக்கை வேண்டும். மூன்று உரிமைகள் கேட்டு இரண்டு சொன்னால் தவறு. தொடக்கத்தில் இருந்த 13 மாநிலங்களில் ஐந்து கேட்பார்கள். நியூயார்க், நியூ ஜெர்சி, வர்ஜீனியா, ஜார்ஜியா, மேரிலாந்து நம் நாவுக்கு எளிது. நீளமான விடை பல இருந்தால் உங்களுக்கு எளிதானதைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

வாசிப்புக்கும் எழுத்துக்கும் தலா மூன்று வாய்ப்புகள், ஒன்று சரியானால் போதும். சொற்பட்டியல்களைத் துறையே வெளியிட்டிருக்கிறது. சிறு எழுத்துப்பிழை பரவாயில்லை, சொல்லைச் சுருக்கி எழுதுவது கூடாது. குறுஞ்செய்திப் பழக்கத்தில் 'யு' என்று ஓர் எழுத்தைப் போட்டுவிடாதீர்கள்.

நேர்காணல் அறை

பலர் சிவிக்ஸில் வெல்கிறார்கள், பேச்சில் திணறுகிறார்கள். ஆங்கிலம் பேசும் திறனுக்குத் தனித் தாள் இல்லை. உங்கள் என்-400 படிவத்தை வைத்து நடக்கும் உரையாடலே அந்தத் தேர்வு. "ஓத் (உறுதிமொழி) என்றால் என்ன?", "ஜெனசைட் (இனப்படுகொலை) என்றால் என்ன?", "நாட்டுக்காக ஆயுதம் ஏந்துவீர்களா?" என்று கேட்கலாம். படிவத்தில் வழக்கறிஞர் 'இல்லை' என்று குறித்ததை வைத்து எல்லாவற்றுக்கும் 'நோ' சொல்லிப் பழகியவர்கள், ஆயுதம் ஏந்துவீர்களா என்பதற்கும் 'நோ' சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் எளிய ஆங்கிலத்தில் ஒரு வரி விளக்கம் தயாராக இருக்கட்டும். புரியாவிட்டால் திரும்பச் சொல்லும்படி கேளுங்கள், அது குறையல்ல.

கிரீன் கார்டு, பழையதும் புதியதுமான எல்லாப் பாஸ்போர்ட்டுகள், மாநில அடையாள அட்டை, வருமான வரி விவரப் படிகள், போக்குவரத்து அபராதங்கள் உட்பட நீதிமன்றத் தாள்கள், திருமணச் சான்று ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். விண்ணப்பித்த பிறகு போன பயணங்கள், மாறிய வேலை, மாறிய முகவரி ஆகியவற்றைத் தனித் தாளில் எழுதிக்கொண்டு போங்கள், முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.

தோற்றாலும் வழி இருக்கிறது. 60 முதல் 90 நாளுக்குள், தவறிய பகுதிக்கு மட்டும் மறுதேர்வு நடக்கும், கட்டணம் இல்லை. இரண்டாம் முறையும் தவறினால் விண்ணப்பம் மறுக்கப்படும். அதை எதிர்த்து 30 நாளுக்குள் என்-336 மூலம் முறையிடலாம், அல்லது நன்றாகப் படித்துப் புதிதாக விண்ணப்பிக்கலாம்.

உறுதிமொழி நாள்

நேர்காணலில் தேறியதும் குடிமகனாகிவிட்டதாக நினைத்து வாக்காளராகப் பதிவு செய்துவிடாதீர்கள். வலது கையை உயர்த்தி உறுதிமொழி சொல்லி முடித்த பிறகே குடியுரிமை. அந்த உறுதிமொழி அதிபரின் பெயராலோ மன்னரின் பெயராலோ இல்லை. பிற நாட்டு விசுவாசத்தைக் கைவிட்டு, அரசமைப்பைக் காப்பேன், சட்டங்களுக்குக் கட்டுப்படுவேன், தேவைப்பட்டால் நாட்டுக்குப் பணிபுரிவேன் என்பது அதன் சாரம். ஒரு மொழியையோ மதத்தையோ இனத்தையோ ஏற்கச் சொல்லவில்லை, எழுதிவைத்த ஒரு சட்டத்தை ஏற்கச் சொல்கிறது. அதை முந்தின நாளே நிதானமாக வாசித்துப் பொருள் புரிந்துகொண்டு போங்கள், விழாவில் கூட்டத்தோடு சேர்ந்து சொல்லும்போது வேகமாக ஓடிவிடும்.

இந்தியக் குடிமக்களுக்கு அந்த நொடியே இந்தியக் குடியுரிமை போய்விடும். பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் ஒப்படைத்து, துறப்புச் சான்று பெற்று, வேண்டுமானால் ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பழைய பாஸ்போர்ட்டில் அதன்பின் பயணம் செய்யக் கூடாது. இலங்கைக் குடிமக்கள் அந்நாட்டு அரசிடம் விண்ணப்பித்து இரட்டைக் குடியுரிமை பெற வழி இருக்கிறது.

விழாவில் கிரீன் கார்டை வாங்கிக்கொண்டு சான்றிதழைத் தருவார்கள். இருக்கையை விட்டு எழுமுன் பெயரின் ஒவ்வோர் எழுத்தையும், பிறந்த தேதியையும் பாருங்கள். பிழை இருந்தால் அங்கேயே சொல்லுங்கள், பிறகு திருத்துவது மாதக்கணக்கில் இழுக்கும். வீட்டுக்கு வந்ததும் இருபக்கமும் ஸ்கேன் செய்து வையுங்கள், ஏனென்றால் அமெரிக்க பாஸ்போர்ட்டுக்கு அசல் சான்றிதழையே அனுப்ப வேண்டியிருக்கும், அது தனித் தபாலில்தான் திரும்பி வரும். சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் குடியுரிமை நிலையை மாற்றுங்கள். வாக்காளர் பதிவையும் அதே வாரத்தில் முடித்துவிடுங்கள், பல மாநிலங்களில் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பே பதிவு மூடிவிடும்.